பதினாறாவது நார்மல்

பதினொன்று ஐந்துக்கு பிளேட்டை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். பன்னிரண்டு ஐந்துக்கு எடுக்க வேண்டும். நடுவில் கிடக்கிற இந்த ஒரு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் கீழே பேக்கரிக்குப் போய் டீயும் தேங்காய் பன்னும் முடித்து, செக்யூரிட்டி அண்ணனிடம் அவர் மருமகளைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். இன்றைக்குக் கால் படியிறங்க மாட்டேன் என்கிறது. ஸ்டூலை இன்குபேட்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், பால் பொங்குவதற்குக் காவல் இருப்பதுபோல. உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது, உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கும், நான் முறைத்தால் மாறவா போகிறது. என் சின்னவள் மிருதுளாவின் பள்ளியில் ஒருமுறை அம்மாக்களைக் கூப்பிட்டு உங்கள் வேலை என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். நான் ஒரு காலி பிளேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், தொண்ணூற்றாறு குழி. ஒவ்வொரு குழந்தையின் ரத்தத்தையும் இரண்டிரண்டு குழியில் விடுவேன். வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அதில் இன்சுலின் சுரக்கிற செல்கள் இருக்கின்றன, சில குழந்தைகளின் உடம்பு அந்தச் செல்களையே எதிரி என்று நினைத்துக் கொல்லக் கிளம்பிவிடும், அப்படிக் கிளம்பியிருந்தால் குழி மஞ்சளாகும், இல்லையென்றால் தண்ணீராகவே இருக்கும் என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். மிருதுளா எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். இப்போது உள்ளே இருக்கிற பிளேட்டில் இருபத்தைந்து நோயாளிக் குழந்தைகள், பதினாறு நார்மல். கடைசி மூலையில் இரண்டு குழி இருக்கிறதே, பதினாறாவது நார்மல், அது மிருதுளா. பிளேட்டிலும் தாளிலும் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது, அதனால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நார்மல் என்றால் எந்தக் குறையும் இல்லாத குழந்தை. நோயாளியின் ரத்தத்தை எதோடாவது ஒப்பிட வேண்டுமே, அதற்கு. எங்கள் லேபில் நார்மலுக்கு வெளியே போய்க் கெஞ்சுவதில்லை, வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள், அவர்களின் அண்ணன் தங்கை பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒன்றாகக் கூட்டி வருவோம், குத்தி எடுத்துவிட்டு ஒரு சாக்லேட்டும் பென்சில் டப்பாவும் கொடுத்து அனுப்புவோம். ஒரே விதி, வீட்டில் யாருக்கும் இந்தச் சர்க்கரை இருக்கக் கூடாது. இந்தப் பதினாறு பேரும் சேர்ந்துதான் கோடு போடுவார்கள், அந்தக் கோட்டுக்கு மேலே போனால் நோய், கீழே இருந்தால் சும்மா. பதினாறாவதாக வர வேண்டிய குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. யாரையாவது பிடிச்சிட்டு வாங்கக்கா என்று இந்த ஆராய்ச்சியை நடத்துகிற ரெஹானா மேடம் சொன்னார். நான் சரிங்க மேடம் என்றேன். அப்போதே மனதில் அந்த நினைப்பு இருந்ததா, இல்லை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வந்ததா, எத்தனை யோசித்தாலும் பிடிபடவில்லை. என் மூத்தவள் சம்யுக்தாவுக்கு ஏழு வயதில் வந்தது, இப்போது பதிமூன்று. விதிப்படி என் வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் வைத்து மிருதுளாவுக்கு ரத்தம் எடுத்தேன். ஸ்கூல்ல ஹீமோகுளோபின் கேக்கறாங்க கண்ணு என்று சொன்னேன். சம்யுதான் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். "மூச்ச இழுத்து மெதுவா விடு, அப்பக் குத்துனா வலிக்காது" என்று தினம் நாலு முறை குத்திக்கொள்கிறவள் சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏம்மா, ஹீமோகுளோபினுக்கு எதுக்கு ரெண்டு ட்யூப்பு?" லேப்காரி பிள்ளைக்கு எதையும் மறைக்க முடியாது. நான் அதட்டினேன், போயி சாம்பார அணைடி என்றேன். அவள் போகவில்லை. மிருதுளா பஞ்சை அழுத்திக்கொண்டு ஹாலுக்கு ஓடின பிறகு, "இவளுக்கு வந்தா எங்கிட்ட இருந்து ஒட்டுனதாம்மா?" என்று கேட்டாள். ஒட்டாது கண்ணு, இது ஒட்டறதே இல்ல, உனக்குத் தெரியாதா என்றேன். தெரியும்மா, சும்மா கேட்டேன் என்றாள். சும்மா கேட்டாளாம். நார்மல் குழந்தைக்கான படிவத்தில், குடும்பத்தில் யாருக்கேனும் என்ற இடத்தில் இல்லை என்று என் கையால் எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுதும்போது சம்யுவை வீட்டைவிட்டுத் துரத்தின மாதிரி இருந்தது.

பதினொன்று பதினெட்டு. பதிமூன்று நிமிடம்தான் ஆகியிருக்கிறது. போன வியாழக்கிழமை இதே ஸ்டூலில் இப்படி உட்காரவில்லை, அன்றைக்குத் தைரியமாகத்தான் இருந்தேன், டீ கூடக் குடித்தேன். அன்றைக்குப் போட்டது முதல் பிளேட். இந்த நோயில் ரத்தத்தில் கிளம்புகிற எதிர்ப்பொருள் ஒரு வகை இல்லை, மூன்று நாலு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட். மேடம் சென்னைக்கு மீட்டிங் போயிருந்தார். நான் தனியாகத்தான் படித்தேன். மற்ற பதினைந்து நார்மலும் சமர்த்தாகத் தண்ணீராக இருந்தது, பதினாறாவது மட்டும் மஞ்சள். எலுமிச்சை மஞ்சள்கூட இல்லை, லேசான, சோறு வடித்த கஞ்சியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் விழுந்த மாதிரி. கோட்டைத் தாண்டியிருந்தது. நோட்டை எடுத்தேன், பதினாறுக்கு நேரே ஒரு கோடு அடித்து, கை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் லேபில் இது ஒரு பழக்கம், ரெஹானா மேடம் வந்த பிறகு வந்தது. குழியில் அளவு மாறிவிட்டாலோ, ட்யூப் மாறிவிட்டாலோ மறைக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், போட்டுவிட்டால் யாரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை மறைப்பீங்க என்பார் மேடம். அதற்குப் பிறகு நான் அப்படி எழுதினது நாலே முறை, நாலும் நிஜம். இது ஐந்தாவது. உண்மை சொல்வதற்காக வைத்த இடத்தில் போய்ப் பொய்யை ஒளித்தேன். வீட்டுக்குப் போய் என்னையே தேற்றிக்கொண்டேன். ஒன்று மட்டும் இருந்தால் பல பிள்ளைகளுக்கு அதோடு நின்றுவிடும், ஒன்றுமே வராமல் கல்யாணம் கட்டிப் பேரன் எடுப்பார்கள், படித்திருக்கிறேன், எத்தனையோ ஃபைலில் பார்த்திருக்கிறேன். இரண்டு இருந்தால்தான். இரண்டு இருந்தால் இந்த வருடமோ பத்து வருடம் கழித்தோ, அநேகமாக வந்தே விடும். இன்றைக்கு உள்ளே இருப்பது இரண்டாவது பிளேட்.

மேடம் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கண்ணாடி வழியாக அவர் பின்னந்தலை தெரிகிறது. என்னைவிட ஏழு வயது சின்னவர், என்னை அக்கா என்பார், நான் மேடம் என்பேன், இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. அவர் கம்ப்யூட்டர் திரையில் கணையத்தின் துண்டு ஓடிக்கொண்டிருக்கும், இறந்துபோனவர்கள் தானமாகக் கொடுத்தது, சாயம் ஏற்றிப் பெரிதாக்கினது. வெளிறின நிறத்துக்கு நடுவே அங்கங்கே திட்டுத்திட்டாகப் பழுப்பாக இருக்கும், அந்தத் திட்டுக்குள்தான் இன்சுலின் செல்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாருங்கக்கா. இத்தன வருஷமா இந்த செல்லு ஒண்ணும் தெரியாத அப்பாவி, வெளிய இருந்து வந்து கொன்னுட்டுப் போறாங்கன்னுதான் நெனச்சுட்டு இருந்தோம். அப்படி மட்டும் இல்ல. கொல்றவங்க வர்றதுக்கு முன்னாடியே இது தன் மேல ஒரு அடையாளத்த எக்கச்சக்கமா ஏத்தி வெச்சிருக்கு, நான் இங்கதான் இருக்கேன்னு. இன்சுலின அவசர அவசரமா செஞ்சு தள்ளுறப்ப சிலது கோணலாப் போயிடுது, அந்தக் கோணலத் தூக்கி வாசல்ல வெக்குது. பாக்கறவனுக்கு இது நம்ம ஆளே இல்லன்னு தோணிடுது." எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ. "அப்பச் சாகறவ மேலயே பழியப் போடறீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். மேடம் திரும்பிப் பார்த்தார். "பழி இல்லக்கா. அதுக்கு முடியல. முடியலன்னு வெளிய காட்டுது. உதவி கேக்குதுன்னுகூட வெச்சுக்கலாம். வர்றவங்க தப்பாப் புரிஞ்சுக்கறாங்க." நான் சரிங்க மேடம் என்று என் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. சம்யுவுக்கு வந்தபோது ஊரே என்னிடம் வந்து கேட்ட கேள்வி அதுதானே. மாசமா இருக்கறப்ப என்ன சாப்ட்ட. பிஸ்கட்டா வாங்கிக் குடுத்த. வேலை வேலைன்னு போயிட்டியே, புள்ளையப் பாத்தியா. நாத்தனார் நேராகவே கேட்டாள், உங்க வீட்ல யாருக்கோ இருந்திருக்கோணும், மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க என்று. கொடுமுடியில் எங்கப்பா எழுபத்தெட்டு வயதிலும் சைக்கிள் மிதிக்கிறார், அவருக்கா இருக்கிறது. ஒன்றும் செய்யாதவர்கள்மேல் பழி வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பழுப்புத் திட்டுக்காக நான் சண்டைக்குப் போனேன். அது பாட்டுக்கு ராத்திரி பகல் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது, பிள்ளை சோறு தின்றால் சோற்றுக்கு, மிட்டாய் தின்றால் மிட்டாய்க்கு. அதைப் போய்க் கொல்கிறவர்களுக்குக் கூட்டாளி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

ஆனால் ஒன்றும் செய்யாதவள் என்று என்னை நான் சொல்லிக்கொள்ள முடியுமா. பதினொன்று இருபத்தொன்பது. அந்த மே மாதத்தை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் உடனே எறும்புதான் வரும். பாத்ரூமில் சிவப்பெறும்பு. மூலையில் வரிசை கட்டி வந்து ஒரே இடத்தில் மொய்க்கும். நான் எறும்புச் சாக்பீஸ் வாங்கிச் சுற்றிலும் கோடு போட்டேன், இரண்டு நாள் கழித்துக் கோட்டைத் தாண்டி வந்தது, தடிமனாக இன்னொரு கோடு போட்டேன். ஒரு லேப் டெக்னீஷியன். சர்க்கரை கலந்த மூத்திரத்தை எறும்பு தேடி வரும் என்று எங்கள் கல்லூரியில் முதல் வருடமே சிரித்துக்கொண்டு படித்த பாடம். தினம் எழுபது பேருக்குச் சர்க்கரை பார்க்கிறவள் வீட்டில் எறும்புக்குச் சாக்பீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். சம்யு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், வெயில் என்றேன். படுக்கையை நனைத்தாள், ஏழு வயசுல வெக்கமா இல்லையா என்று திட்டினேன். பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் நின்ற நிலை. மெலிந்துவிட்டாள், சோர்ந்து சோர்ந்து படுத்தாள், நான் என்ன செய்தேன், குளுக்கோஸ் பொடி வாங்கி வந்து டம்ளரில் மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடி கண்ணு தெம்பா இருக்கும் என்று என் கையால் கொடுத்தேன். நாலு நாள். காலையும் சாயங்காலமும். கலக்குகிற ஸ்பூன் டம்ளரில் இடிக்கிற சத்தம் இப்போதும் எந்த வீட்டில் கேட்டாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். ஐந்தாம் நாள் அவள் மூச்சில் அன்னாசிப்பழ வாசம் அடித்தது, சர்க்கரை முற்றினால் மூச்சு அப்படித்தான் மணக்கும், அதுவும் படித்த பாடம்தான். யாரு வீட்ல அன்னாசி சாப்ட்ட என்று கேட்டேன். அவள் கண்ணை மட்டும் திறந்து மூடினாள். ஐசியூவில் மூன்று நாள், உப்பும் தண்ணீரும் இன்சுலினும் சொட்டுச் சொட்டாக. இன்னும் ஆறு மணி நேரம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அந்தச் செல்கள் என்ன செய்திருக்கும் அந்த நாலு நாளும். மிச்சம் இருந்தது கொஞ்சமோ நஞ்சமோ, அது மேல் நான் குளுக்கோஸை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், இன்னும் செய், இன்னும் செய் என்று. முடியல, முடியல என்று அது காட்டியிருக்கும். நான் சாக்பீஸ் போட்டேன்.

ஃபோன் அடிக்கிறது. ஏப்ரன் பாக்கெட்டில் அடித்தால் வயிற்றில் அடிப்பதுபோல இருக்கிறது. அவர்தான், என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பின்னால் மிஷின் சத்தம் கேட்கிறது. "ஏ மகுடேஸ்வரி, மிருது தண்ணி பாட்டில வெச்சுட்டுப் போயிட்டா. ஸ்கூல்ல இருந்து ஃபோனு. கொண்டுபோயிக் குடுத்துட்டுத்தான் வர்றேன்." சரிங்க என்றேன். "இப்பெல்லாம் ரெண்டு பாட்டில் கேக்கறாளாமா? மிஸ்ஸு சொல்லுச்சு." "யாருங்க கேக்கறது?" "மிருதுதான். வேற யாரு. வெயிலு அப்பிடிக் கொளுத்துதல்ல." ஆமாங்க, வெயில்தானுங்க என்று சொன்னேன், எனக்கே என் குரல் யாருடையதோபோல இருந்தது. "என்ன ஒரு மாதிரி பேசற? சாப்ட்டியா?" சாப்ட்டேனுங்க, பிளேட்டு உள்ள இருக்குது, அப்பறம் கூப்படறேன் என்று வைத்துவிட்டேன். மார்ச் மாதம், கோயமுத்தூரே இரண்டு பாட்டில் கேட்கும். அவள் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள், எல்லோரும்தான் கேட்பார்கள். நேற்று எத்தனை முறை பாத்ரூம் போனாள். பள்ளியிலிருந்து வந்ததும் ஒன்று, சாப்பிட்டு ஒன்று, படுக்கும் முன் ஒன்று, அது எல்லோரும் போவதுதான், நடுவில் ஒரு முறை போனாளா, டிவி பார்க்கும்போது எழுந்தாளே, அது பாத்ரூமுக்கா இல்லை முறுக்கு எடுக்கவா. எறும்பு இல்லை. எறும்பு இல்லை என்று நிச்சயமாகச் சொல்வேன், ஆறு வருடமாகக் காலை எழுந்ததும் நான் கும்பிடுவதற்கு முன் பாத்ரூம் மூலையைத்தான் பார்க்கிறேன். இவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், சின்னவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாமுங்களா என்று. தோசையைப் பிய்த்த கை நின்றுவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? தடுக்க ஊசி இருக்குதா?" இங்க இல்லீங்க, ஆனா முன்னாடியே தெரிஞ்சா சம்யுவுக்கு ஆன மாதிரி ஐசியூ வரைக்கும் போகாதுங்க என்றேன். "வர்ற வரைக்குமாவது ஒரு புள்ள ஊட்ல சிரிச்சுட்டு இருக்கட்டும். நீ பாத்துட்டயின்னா அதையும் நோயாளி மாதிரிதான் பாப்ப. உன்னைய எனக்குத் தெரியும்." என்னை அவருக்குத் தெரியும்தான். அவர் சொன்னது தப்பு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் அவரிடமும் சொல்லாமல், குழந்தையிடமும் சொல்லாமல், லேபிலும் சொல்லாமல், மூன்று பக்கமும் திருட்டுத்தனம் செய்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டு ஐந்து. எழுந்தால் முழங்கால் மரத்திருக்கிறது. பிளேட்டை எடுத்துக் கழுவினேன், ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் தட்டித் தட்டி டிஷ்யூவில் கவிழ்த்தேன், கை தன் பாட்டுக்குச் செய்கிறது, கைக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஒரு நினைப்பு வருகிறது, கடைசி மூலை இரண்டு குழியையும் இன்னும் நாலு முறை அதிகமாகக் கழுவினால் என்ன. ஒட்டியிருப்பது போய்விடும், குழி தண்ணீராகவே நிற்கும், பதினாறு நார்மல் என்று நான் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். குழியைக் கழுவலாம், அவள் ரத்தத்தை எப்படிக் கழுவுவது. நிறம் வருகிற மருந்தைக் குழி குழியாக விட்டு டிராயருக்குள் இருட்டில் வைத்துவிட்டேன், பதினைந்து நிமிடம். வெளிச்சம் படக் கூடாது, திறக்கக் கூடாது. கோனியம்மா, தாயே, ஒன்றோடு நிறுத்திவிடு, ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். யாரிடம் வேண்டிக்கொள்வது என்றும் தெரியவில்லை, அம்மனிடமா, மிருதுளா வயிற்றுக்குள் இருக்கிற அந்தச் செல்களிடமா. கேளுங்கள் பிள்ளைகளே, வேலை அதிகமாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கள், கோணலானதை வாசலில் வைக்காதீர்கள், யார் கண்ணிலும் பட்டுவிடாதீர்கள், முடியவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் அவளுக்கு மிட்டாயே கொடுக்க மாட்டேன். பைத்தியக்காரி. மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நாலு தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன். முடியவில்லை என்று வெளியே காட்டாதே என்று ஒரு செல்லுக்குப் புத்தி சொல்கிறேன், நான் யாருக்காவது காட்டினேனா. ஆறு வருடத்தில் அந்தக் குளுக்கோஸ் டம்ளரைப் பற்றி ஒரு ஆளிடம் வாய் திறந்ததில்லை, அவரிடமும் இல்லை, ஐசியூ டாக்டர் கேட்டபோதும் இல்லை, இளநீர் கொடுத்தேன் என்றுதான் சொன்னேன். ஒன்பதாவது நிமிடம் டிராயரைத் திறந்துவிட்டேன். ஒரு விரல்கடை அளவுதான். அமிலம் விடுவதற்கு முன் மஞ்சள் வராது, நீலம்தான் வரும். நோயாளிகள் பக்கம் நீலம் திட்டுத்திட்டாக எழும்பியிருந்தது. நார்மல் பக்கம் கண்ணை ஓட்டுவதற்குள் பயந்து மூடிவிட்டேன்.

அமிலம் விட்டதும் நீலம் எல்லாம் ஒரு நொடியில் மஞ்சளாகும். பன்னிரண்டு வரிசையையும் முதலிலிருந்து வரிசையாக விட்டுக்கொண்டு வந்தேன், கடைசி மூலைக்கு வந்தபோது பார்க்காமல் விட முடியுமா என்று பார்த்தேன், பார்க்காமல் எப்படி விடுவது. மஞ்சள். போன வியாழக்கிழமை மாதிரி கஞ்சித் தண்ணீர் இல்லை. நல்ல மஞ்சள். பக்கத்துக் குழியிலும் அதே மஞ்சள். மேலே இருக்கிற பதினைந்து பேரும் ஒன்றும் தெரியாத பிள்ளைகளாகத் தெளிந்து நிற்கிறார்கள், இவள் மட்டும் மூலையில் நிற்கிறாள். ரீடருக்குள் வைத்தேன், மிஷின் கரகரவென்று படித்துத் தாளைத் தள்ளியது. எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. நோட்டு பக்கத்தில் இருக்கிறது, பேனா இருக்கிறது, கை தவறு என்று இரண்டு சொல் எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கக் கூடாது என்பது விதி. பேனாவை எடுத்தும்விட்டேன். "முடிஞ்சுதாக்கா?" என்று மேடம் வந்து தாளை வாங்கினார். நின்றுகொண்டே படித்தார், கடைசியில் விரல் நின்றது. "பதினாறு. போன வாரமும் பதினாறுலதான கை தவறிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க?" ஆமாங்க மேடம். "ரெண்டு தடவையும் ஒரே இடத்துல தவறாதுக்கா. உங்க கை தவறவே இல்ல. போன வாரத்ததும் சரியான நம்பர்தான்." அவர் முகத்தில் என்மேல் சந்தேகமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, என் கைக்காக அவர் வாதாடுகிறார். "பாவம், எட்டு வயசுன்னு போட்டிருக்கு. வீட்ல யாருக்கும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, கனவுலகூட நெனச்சிருக்க மாட்டாங்க. அந்தம்மாவுக்கு நீங்களே சொல்லிடறீங்களாக்கா? போன வருஷம் நாலு பேருக்கும் நீங்கதான் பக்குவமாச் சொன்னீங்க. எனக்கு அது வராது." எனக்கு வரும். முதலில் சாப்ட்டீங்களா என்பேன், அப்புறம் ஒரு நிமிசம் ஒக்காருங்க என்பேன், அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் சொல்லுவேன், இது உங்க தப்பு இல்லீங்க என்று மூன்று முறையாவது சொல்லுவேன். நாலு பேரும் சரிங்க சரிங்க என்றார்கள். ஒருத்தியாவது நம்பினாளா என்று நான் யோசித்ததே இல்லை. பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தேன். "அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சுங்க மேடம்." மேடத்துக்குப் புரியவில்லை. "எப்பச் சொன்னீங்க? இப்பத்தான தாளே வந்துச்சு?" இப்பத்தானுங்க மேடம் என்றேன், "இப்பத்தானுங்க தெரிஞ்சுது." அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் ஒக்காந்துக்கறனுங்க மேடம்" என்றேன்.